முதல் வரிக்குப் பிறகு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சல்லடை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் எழுதிய கணினி நிரலாக இருந்தாலும் அவள் ஒருமுறை படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போக வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்ப்பாள். ஒரு புள்ளி தப்பாக விழுந்திருந்தாலும் எழுதியவனை நாற்காலியோடு இழுத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்து, "இது என்ன?" என்று கேட்பாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டாள். அந்த ஒரு கேள்விக்கே பலர் முழுசையும் அழித்துத் திரும்ப எழுதித் தருவார்கள்.

நிறுவனம் சின்னது. ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. ரப்பர் வாசனை படியேறி வந்து கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் செய்து விற்றது ஒரே ஒரு மென்பொருள்தான்: கப்பலில் இருப்பவர்கள் கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்புவதற்கானது. ஊரெல்லாம் வைத்திருக்கும் செய்திச் செயலிகள் நடுக்கடலில் திணறிப்போகும். அங்கே இணைப்பு செயற்கைக்கோள் வழியாக நூல் மாதிரி வரும், அதுவும் அறுந்து அறுந்து வரும். அந்த நூலிலும் தொங்கிப் பிழைக்கிற மாதிரி இவர்கள் செய்திருந்தார்கள். கப்பலில் ஓடுகிற பாதியை எழுதியவர் வேறு நல்ல வேலை கிடைத்ததும் கம்பி நீட்டிவிட்டார். கரையில் ஓடுகிற பாதியை எழுதியவள் சல்லடை.

அவள் கணவனும் கப்பலில்தான் இருந்தான். அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு கப்பல் கம்பெனிக்காரர் வழியாகக் கிடைத்த வேலை. சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில், பகலா இரவா என்று தெரியாத இடத்தில், எண்ணெயும் சத்தமுமாக இருப்பான். எஞ்சின் அறைப் பதிவேட்டில் ஒரு வரிக்கு ஒரு விஷயம்தான் எழுத வேண்டும். எண்ணெய் அழுத்தம் ஒரு வரி, தண்ணீர்ச் சூடு அடுத்த வரி. இரண்டையும் சேர்த்து எழுதினால் தலைமை எஞ்சினியர் காதைத் திருகாத குறையாகக் கத்துவார். கரையில் பட்டறை வேலை பார்த்த காலத்திலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கப்பலில் அது ரத்தத்தில் ஊறிப்போனது.

வீட்டில் இருந்தபோதும் அவன் பெரிய பேச்சாளன் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்வான். கப்பலில் ஏறிய பிறகு அதுவும் போயிற்று. அவள் நாலு பத்தி எழுதினால் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வரும். "நான் நல்லா இருக்கேன்." மறுநாள், "நான் நல்லா இருக்கேன்." அதற்கு மறுநாள் மாறுதலுக்கு, "நல்லாதான் இருக்கேன்."

"எங்கண்ணன் வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அண்ணி," என்பாள் நாத்தனார். அவனுடைய தங்கை, அவர்களோடு அதே வீட்டில் இருந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. "நாள் பூரா எங்க டாக்டர் வாயத் திறங்க, வாயத் திறங்கன்னு சொல்றதக் கேட்டு ஊரே திறக்குது. இவன்கிட்ட மட்டும் நடக்காது."

சல்லடையும் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. சமையலறைக் குழாய் ஓயாமல் சொட்டியபோது, எந்தத் திருகைக் கழற்றுவது, என்ன மாற்றுவது என்று விவரமாகக் கேட்டு எழுதினாள். ஊருக்கெல்லாம் எஞ்சின் பழுது பார்க்கிறவன், வீட்டுக் குழாய்க்கு ஒரு வழி சொல்ல மாட்டானா? பதில் வந்தது: "குழாய் விஷயம் பார்த்தேன்." அவ்வளவுதான். பார்த்தானாம். அவள் தலையில் அடித்துக்கொண்டு குழாய்க்காரரைக் கூப்பிட்டாள்.

குழாயை மறந்துவிடலாம். அவளால் மறக்க முடியாதது வேறு ஒன்று. போன வருடம் அவள் அப்பா இறந்துபோனார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார். கப்பல் அப்போது எந்தக் கரைக்கும் பக்கத்தில் இல்லை. கப்பலின் தொலைபேசியும் பழுது. அழுதுகொண்டே அவள் எழுதி அனுப்பினாள். மறுநாள் அவனிடமிருந்து வந்தது: "மாமா செய்தி பார்த்தேன்."

அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட அதைவிட அதிகம் பேசினார். பல நாள் கழித்துத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். பின்னால் வரிசையில் நின்றவர்களின் இரைச்சல் கேட்டது. "நான் எழுதினதப் பார்த்தியா?" என்றான். "பார்த்தேன்," என்றாள். குரலில் இருந்த சூட்டை அவன் கவனித்தானோ என்னவோ, பேச்சை மாற்றினான். பிறகு இருவரும் கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசிவிட்டு வைத்தார்கள். அன்றைக்கு அவள் மனதில் ஏதோ ஒன்று இறுகிப்போனது, அது அப்படியே இருந்தது.

இப்போது அவனுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். புதன்கிழமை கப்பல் துறைமுகம் தொடும். அங்கே இன்னொரு சுற்றுக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம் ஓடிவிடும். போடாவிட்டால் இறங்கி வீட்டுக்கு வரலாம். அவன் முன்பு வேலை பார்த்த பட்டறைக்காரர் இடம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வரும். சொல்ல மாட்டாள். வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் அவனே கேட்கட்டுமே? ஒரு வார்த்தைகூட அவன் கேட்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வர அவன் என்ன கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையா?

"நீங்களாவது எழுதுங்களேன் அண்ணி," என்றாள் நாத்தனார்.

"எழுதினா என்ன வரும்? நான் நல்லா இருக்கேன்னு வரும்."

இந்த நிலைமையில்தான் வெங்காயம் வந்தது.

திங்கட்கிழமை காலை, அவள் பையை வைப்பதற்குள் குழுத்தலைவர் கூப்பிட்டுவிட்டார். எது நடந்தாலும் "நிதானமா போவோம்" என்பதால் அவருக்கு நிதானம் என்றே பெயர். அன்று நிதானத்துக்கே நிதானம் இல்லை. வேறு ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர், வழக்கமான மின்னஞ்சல் வேலை செய்யாததால், இவர்களுடைய மென்பொருளில் துறைமுகத்துச் சாமான் கடைக்கு எழுதியிருக்கிறார்: வெங்காயம், உருளைக்கிழங்கு, எண்ணெய், மாவு, முட்டை என்று வரிசையாக, வரிக்கு ஒன்றாக. கடைக்குப் போய்ச் சேர்ந்தது வெங்காயம் மட்டும். கடைக்காரர் சொன்னதைச் செய்கிற மனிதர். மூட்டை மூட்டையாக வெங்காயத்தை ஏற்றி அனுப்பிவிட்டார். கப்பல் கிளம்பிய பிறகுதான் சமையல்காரர் கிடங்கைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"மாலுமிங்க எல்லாம் உரிச்சு உரிச்சுக் கண்ணீர் விட்டுக்கிட்டிருக்காங்களாம்," என்றான் பக்கத்து மேஜைக்காரன். அறையே சிரித்தது.

"சிரிக்கிற விஷயம் இல்ல இது," என்றார் நிதானம், தானும் சிரிப்பை மென்று விழுங்கியபடி. "முழுசா அனுப்பினேன், ரெண்டு டிக் விழுந்துச்சுன்னு அந்த மனுஷன் சத்தியம் பண்றாரு. நம்ம உதவி மேஜையில கேட்டா, இணைப்பு மெதுவா இருந்திருக்கும், திருப்பி அனுப்பச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு டிக் விழுந்ததுக்கு அப்புறம் எதுக்குத் திருப்பி அனுப்பணும்?"

"நான் பார்க்கறேன்," என்றாள் சல்லடை. கப்பல்பக்கத்து நிரலில்தான் கோளாறு என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கம்பி நீட்டியவர் தலையில் போட்டுவிடலாம் என்று சந்தோஷமாகவே உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் எத்தனை முறை அனுப்பினாலும் செய்தி முழுசாக வந்தது. வெங்காயம் முதல் முட்டை வரை ஒன்று குறையாமல் வந்தது. அலுவலகத்து இணைப்பு பாய்ந்தோடுகிற இணைப்பு. கடல் இணைப்பு அப்படி இல்லை என்று நினைத்து, அலுவலக இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கினாள். செய்தி சின்னச் சின்னத் துண்டாக, விட்டு விட்டு வரும்படி செய்தாள். மறுபடி அனுப்பினாள். திரையில் வந்து விழுந்தது: வெங்காயம். கொஞ்சம் காத்திருந்தாள். வேறு ஒன்றும் வரவில்லை. அனுப்பிய பக்கத்தில் இரண்டு டிக் ஜம்மென்று விழுந்திருந்தது.

அப்புறம் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. துண்டு துண்டாக வருவதைச் சேர்த்து வைக்கிற இடத்துக்குப் பஃபர் என்று பெயர். அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு வைத்திருந்த வாளி மாதிரி. செய்தி முழுசாகச் சேர்ந்த பிறகு எடுத்துத் திரையில் ஊற்ற வேண்டும். எப்போது முழுசாகச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும், அதில்தான் சூட்சுமம். இந்த நிரலோ, ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குகிற குறியைக் கண்டதுமே, செய்தியே முடிந்துவிட்டது என்று முடிவு கட்டியது. அதுவரை சேர்ந்ததைத் திரையில் போட்டது. வந்து சேர்ந்தது என்று கப்பலுக்கு இரண்டு டிக் அனுப்பியது. வாளியைக் கவிழ்த்துக் கழுவி வைத்தது. பின்னால் வந்த துண்டுகள் யாருடையவை என்று அதற்குத் தெரியவில்லை, குப்பையில் கொட்டியது. செய்தி ஒரே துண்டாக வந்துவிட்டால் நிரல் வேறு பாதையில் போகும். அந்தப் பாதை சுத்தமாக இருந்தது. அதனால்தான் அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கோளாறு கப்பல்பக்கத்தில் இல்லை, கரைப்பக்கத்தில்தான். ஆனாலும் அவளுக்குக் கை பரபரத்தது. இந்த வரியை யார் எழுதியது என்று காட்டுகிற கருவி உண்டு. நடுவில் யாரோ வந்து கை வைத்திருக்க வேண்டும். அந்த ஆளை நாற்காலியோடு இழுத்து வருவதற்கு எழுந்தே விட்டாள். பெயர் வந்தது. சம்பளச் சீட்டில் இருந்த அதே பெயர்.

உட்கார்ந்தாள். "இது என்ன?" என்று கேட்க ஆள் இல்லை. எல்லோருடைய நிரலையும் அவள் பார்ப்பாள்; அவளுடையதைப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? சல்லடை எழுதியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

மானம் போயிற்று என்பதுதான் முதலில் தோன்றியது. நிதானத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். ஒரு வரிக்கு ஒரு விஷயம் எழுதுகிற ஆள் அந்தச் சமையல்காரர் மட்டுமா? முதல் வரியில் நலம் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் வேறு யாருக்கு உண்டு?

நான் நல்லா இருக்கேன்.

குழாய் விஷயம் பார்த்தேன்.

மாமா செய்தி பார்த்தேன்.

அவள் கை டப்பாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவை பதில்கள் இல்லை. பதில்களின் தொடக்கம். அவன் எழுதிய எல்லாவற்றின் தலையையும் வைத்துக்கொண்டு உடம்பை அவள் குப்பையில் போட்டிருக்கிறாள், தினம் தினம், தன் கையாலேயே. இதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. கடலுக்குப் போன ஆண்கள் அதிகம் எழுத மாட்டார்கள் என்று எல்லா வீட்டிலும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் நினைத்தாள். நிரலில் ஒரு எழுத்து குறைந்தால் கொதிக்கிறவள், கணவனிடம் முக்கால்வாசி குறைந்தபோது அது அவன் குணம் என்று விட்டுவிட்டாள்.

தொலைந்தது தொலைந்ததுதான். கவிழ்த்த வாளியில் எதைத் தேடுவது? கப்பலிலும் இருக்காது. அங்கே சாப்பாட்டு அறையில் ஒரே கணினி. ஒருவர் எழுந்ததும் அவர் எழுதியது தானாக அழிந்துவிடும், அடுத்து உட்காருபவர் படித்துவிடக் கூடாது என்பதற்காக.

நிதானத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"உங்க நிரலா?"

"என்னோடதுதான்."

"சரி. இனிமே உங்களோடத நான் பார்க்கறேன்," என்றார். அதோடு விட்டது அவர் பெருந்தன்மை. "திருத்துங்க. ஆனா நிதானமா போவோம். நல்லா சோதிச்சுட்டு புதன்கிழமை காலையில வெளியிடலாம். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதீங்க. கப்பல் கம்பெனி எல்லாம் ஒரே நேரத்துல கொடி பிடிச்சிடுவாங்க."

திருத்தம் எளிது. ஒவ்வொரு செய்தியும் தன் நீளத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. அவள்தான் அதைக் காது கொடுத்துக் கேட்காமல் விட்டிருந்தாள். இனி அந்த நீளம் சேரும்வரை வாளியைத் தொடக்கூடாது. இடையில் எத்தனை வரி முடிந்தாலும் சரி, இணைப்பு எத்தனை முறை அறுந்தாலும் சரி, பொறுமையாக இருக்க வேண்டும். மாலைக்குள் எழுதிவிட்டாள். மீதி நேரமெல்லாம் சோதனை.

கரையிலிருந்து கப்பலுக்குப் போகிற செய்திகளில் கோளாறு இல்லை. அன்று சாயங்காலமே அவனுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்: நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கு வந்து சேரவில்லை. வெளியில் மூச்சு விடாதே என்றால் கணவனிடமும் விடக்கூடாது என்று நிதானம் நினைத்திருக்க மாட்டார். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எழுதவில்லை.

அவள் எழுதாததற்குக் காரணம் வேறு. சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதிக்கிற பொருளைக் கலைக்க மாட்டார்கள். திருத்திய பிறகு, ஒன்றும் அறியாமல் அவன் வழக்கம்போல எழுதும் செய்தி முழுசாக வரும். அதை அவள் பார்க்க வேண்டும். அவள் சொல்லி அவன் எழுதினால் அது அவளுக்காக எழுதியது. சொல்லாமல் எழுதினால்தான் அது அவன். இத்தனை நாளும் முதல் வரிக்குப் பிறகு அவன் என்னதான் எழுதிக்கொண்டிருந்தான் என்று பார்க்க அவளுக்கு அப்படி ஒரு ஆசை. சின்னப் பெண்ணைப் போல ஆசை. இரண்டு நாள்தானே என்று நினைத்தாள். "எப்படி இருக்கீங்க? இங்க எல்லாரும் சௌக்கியம்," என்று எப்போதும்போல அனுப்பினாள். "நல்லா இருக்கேன்," என்று எப்போதும்போல வந்தது.

வீட்டில் நாத்தனார் கேட்டாள். "என்ன அண்ணி, முகத்துல நூறு விளக்கு எரியுது?"

"ஒண்ணும் இல்ல. புதன்கிழமை சொல்றேன்."

"புதன்கிழமை அண்ணன் கையெழுத்துப் போடற நாள்."

"அதுக்கு முன்னாடி எழுதுவாரு. பாரு."

புதன்கிழமை காலை திருத்தம் வெளியே போனது. கரையில் இருந்தவர்களின் கைபேசிகளில் அது தானாகவே ஏறிக்கொண்டது. காபி குடித்து முடிப்பதற்குள் உதவி மேஜையில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. சாமான் கடைக்காரர் பேசினார்: பட்டியல் முழுசாக வருகிறது, சந்தோஷம், ஆனால் வெங்காயத்தைத் திருப்பி எடுக்க மாட்டேன். ஒரு அம்மா பேசினார்: மகன் எழுதியது இவ்வளவு நீளமாக வருகிறது, யாராவது அவன் கணக்கைத் திருடிவிட்டார்களா? இன்னொரு பெண்மணி, "எங்க வீட்டுக்காரர் இப்படியெல்லாம் எழுத மாட்டாரே, நீங்க ஏதாவது சேர்த்து அனுப்பறீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. சல்லடையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைபேசியை மேஜையில் கண்ணுக்கு எதிரே நிறுத்தி வைத்திருந்தாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் செய்தி வந்தது.

"நான் நல்லா இருக்கேன், காலையில கையெழுத்துப் போட்டாச்சு."

அவ்வளவுதான். அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். கைபேசியை அணைத்துத் திறந்தாள். புதிய பதிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள், ஏறியிருந்தது. அப்படியானால் அந்தக் கப்பலில் மட்டும் வேறு ஏதோ கோளாறு. இரண்டாவது ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை அவள் விட்டுவிட்டாள். சாப்பிடப் போகாமல் தேடினாள். நீளத்தைப் படிக்கிற இடம், துண்டுகளைச் சேர்க்கிற இடம், வாளியைக் கவிழ்க்கிற இடம், எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தாள். கடைசியில் அந்தக் கப்பலின் ரேடியோ அதிகாரிக்கு எழுதினாள்: சோதனைக்காக, நிறைய வரிகள் உள்ள ஒரு செய்தி அனுப்ப முடியுமா? மனிதர் தாராளமாக அனுப்பினார். கப்பலில் குளிர்பதனப்பெட்டி வேலை செய்யாதது, சம்பளம் தாமதமாவது, மேல்தளத்தில் புறா கூடு கட்டியது, தன் முட்டிவலி என்று வரி வரியாக வந்து இறங்கியது. கடைசியில் "போதுமா?" என்று ஒரு வரி. ஒரு எழுத்தும் குறையவில்லை.

நிரலில் கோளாறு இல்லை. கணவன் எழுதியதே அந்த ஒரு வரிதான். முதல் வரிக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

துறைமுகத்திலிருக்கும் கப்பல் முகவரின் அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து, டயர் கடைக்குப் பின்பக்கத்துப் படிக்கட்டில் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள். யாரோ எடுத்து, யாரையோ கத்திக் கூப்பிட்டு, கடைசியில் அவன் வந்தான்.

"என்ன ஆச்சு? எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம். கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு. எழுதினேனே."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"வேற என்ன எழுதறது?"

"முன்னாடி? முன்னாடியும் இவ்வளவுதான் எழுதினீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு உருண்டது. அது நின்ற பிறகு பேசினான். கோபமாகப் பேசவில்லை. எஞ்சின் நின்றுபோன விவரம் சொல்கிற மாதிரி சொன்னான்.

"முன்னாடி எழுதினேன். நிறைய எழுதுவேன். நீ எதுக்கும் பதில் சொல்ல மாட்ட. குழாயைச் சரி பண்றது எப்படின்னு படிப்படியா எழுதினேன், நீ ஆளைக் கூப்பிட்டுப் பண்ணிட்டேன்னு எழுதின. சரி, உனக்குப் படிக்கப் பொறுமை இல்லன்னு நினைச்சேன். மாமா போனப்போ உக்காந்து ரொம்ப நேரம் எழுதினேன். அப்புறம் போன்ல கேட்டேன், பார்த்தியான்னு. பார்த்தேன்னு சொன்ன, அதுவும் சுள்ளுன்னு சொன்ன. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது? விட்டுட்டேன். அதுக்கப்புறம் இறங்கி வரட்டுமான்னு மட்டும் மூணு தடவை கேட்டேன். அதுக்கும் பதில் இல்ல."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள்: துண்டுகள், வரி முடிகிற குறி, இரண்டு டிக், வாளி. அவனுக்கு இயந்திரங்கள் புரியும். நடுவில் குறுக்கிடாமல் கேட்டான்.

"அப்ப மாமாவைப் பத்தி எழுதினது உனக்கு வரவே இல்லையா?"

"செய்தி பார்த்தேன்னு ஒரு வரி வந்துச்சு."

"ஐயோ," என்றான். பிறகு, "யார் எழுதின ப்ரோக்ராம் அது?"

"நான்தான்."

"உன்னோடத யாரும் பார்க்கலையா?"

"நான்தான் எல்லாரோடதையும் பார்ப்பேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், எஞ்சின்காரனுக்கே உரிய ஒழுங்கோடு, அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "திங்கக்கிழமை."

"நான் இன்னிக்குக் காலையிலதானே கையெழுத்துப் போட்டேன்."

"ஆமா."

"ஒரு வரி எழுதியிருக்கலாமே."

நீங்களாக என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன் என்று சொல்ல நினைத்தாள். ஒரு வருடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சொல்கிற காரணமா அது? தப்பான நிரலை எழுதியது அறியாமல் நடந்தது. அதை யாரும் மன்னிப்பார்கள். திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் அறிந்தே செய்தது. "தப்பு பண்ணிட்டேன்," என்றாள். அவன் உம் என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"எழுதறேன்," என்று சொல்லி வைத்தான்.

வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேலி செய்வதற்கென்றே பிறந்தவள் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டு வந்தாள். டீ ஆறுகிற நேரத்தில் செய்தி வந்தது.

"நான் நல்லா இருக்கேன்.

நாளைக்குக் காலையில கப்பல் கிளம்புது.

கோபம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

கேப்டன்கிட்டப் போய்க் கேட்டேன். போட்டது போட்டதுதான்னு சொல்லிட்டாரு.

பட்டறைக்காரரை நீ நேர்ல போய்ப் பாரு. அடுத்த வருஷம் வரைக்கும் இடம் வெச்சிருப்பாரான்னு கேளு. போன்ல கேக்காத, போன்ல அவர் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வாரு.

மாமாவைப் பத்தி எழுதினது முழுசா ஞாபகம் இல்ல. முதல் தடவை நான் உங்க வீட்டுக்கு வந்தப்போ அவர் என்னை ஒண்ணுமே கேக்கல. ஸ்கூட்டரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்கன்னாரு. சத்தத்தைக் கேட்டுட்டு, ஒழுங்கா வெச்சிருக்கீங்க, உள்ள வாங்கன்னாரு. அதை எழுதினேன். அன்னிக்கு எஞ்சின் ரூம்ல உக்காந்து அழுதேன். அங்க சத்தத்துல யாருக்கும் கேக்காது. அதையும் எழுதினேன்.

இந்தச் சுத்து முடிஞ்சதும் நான் இறங்கி வரட்டுமா? நாலாவது தடவையா கேக்கறேன்."

நாத்தனார் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சல்லடை கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் எழுதினாள். "வாங்க" என்ற ஒரு சொல்லை அடித்து, வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. இரண்டு டிக்கை நம்பக்கூடாது என்று அந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனே எழுதிச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தேன்," என்று வந்தது.

அடுத்த வரி வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது.